மாடலில் இடிந்த வீடு

கௌசல்யாவின் வீடு இடிந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, அவள் அந்த வீட்டு அடுப்படியில் நின்று வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் இளஞ்செழியன். ஊரில் எல்லோரும் 'கல்லு ஆபீஸ்' என்று சொல்கிற கற்கோள உருமாற்ற ஆய்வு நிறுவனத்தின் நிர்வாக அலுவலர். கூடவே ஒரு அரிசிப் பை, ஒரு போர்வை, ஒரு போட்டோகிராபர்.

"எங்க ஆழ்ந்த அனுதாபத்தத் தெரிவிச்சுக்கிறோம்மா" என்றார் வாசலில் நின்றபடி.

கௌசல்யா கையில் கத்தியோடு ஓடிவந்தாள். அவள் புருஷன் ராமர் தோட்டத்தில் செவ்வந்திக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தான். அவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"உங்க வீடு இடிஞ்சுபோச்சும்மா."

கௌசல்யா திரும்பிப் பார்த்தாள். தளம் போட்ட மெத்தை வீடு. சுவரில் காரை அங்கங்கே பெயர்ந்திருந்தது. மற்றபடி காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"எந்த வீடு?"

"இதுதான்."

"எப்ப இடிஞ்சது?"

"நேத்து சாயங்காலம்மா. மாடல்ல."

அதற்குள் ராமரும் வந்துவிட்டான். சட்டைப் பையில் பேனா செருகிய யாரைக் கண்டாலும் அவனுக்குக் கை தானாகக் கும்பிடும். போட்டோகிராபர் அவனைக் கொஞ்சம் அழச் சொன்னார். ராமர் முகத்தைச் சுளித்து, மூக்கை உறிஞ்சி, தன்னால் ஆனதைச் செய்தான்.

"வீடு தெரியாம எடுப்பா" என்றார் இளஞ்செழியன். போட்டோகிராபர் எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடு வந்து நின்றது. கடைசியில் ராமரைத் தென்னை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே நின்று அவன் பரிதாபமாகச் சொன்னான்:

"அழுக வரமாட்டேங்குது கௌசி."

"வராது. எதுக்கு வரணும்?" அவள் போர்வையை எடுத்து இளஞ்செழியன் கையில் திருப்பிக் கொடுத்தாள். "இத வீடு இல்லாதவுகளுக்குக் குடுங்க. அரிசியையும் தூக்கிட்டுப் போங்க."

"நிவாரணத்தத் திரும்ப வாங்குறதுக்கு எங்ககிட்ட வழிமுறை இல்லம்மா" என்றார் அவர் வருத்தத்தோடு. ஆனாலும் தூக்கிக்கொண்டுதான் போனார்.

கல்லு ஆபீசுக்கும் கௌசல்யாவுக்கும் தொடர்பு வந்தது ஒரு தூணால். திண்டுக்கல்லுக்கு வெளியே வத்தலக்குண்டு ரோட்டில், பளபளவென்று கண்ணாடி போட்ட கட்டடத்தில் இருக்கிறது அந்த நிறுவனம். பூமியின் மேலே இருக்கும் கெட்டியான ஓட்டைக் கற்கோளம் என்பார்கள். அது எங்கே மடிகிறது, எங்கே இழுபடுகிறது, எங்கே உடைகிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. கீழ்த்தளத்தில் களப்பிரிவு; வெயிலில் அலைந்து பாறையைப் பார்க்கிறவர்கள். முதல் தளத்தில் சோதனைப்பிரிவு. மணலையும் பசையையும் வைத்து மலை செய்து பார்க்கிறவர்கள். இரண்டாம் தளத்தில் மாடல் பிரிவு; எதையும் பார்க்காமல் கணினியில் கணக்குப் போடுகிறவர்கள். மூன்றாம் தளத்தில் இயக்குநர் டாக்டர் பாண்டியராஜ். ஏசியின் குளிர்ச்சியும் இதே வரிசையில்தான் கூடிக்கொண்டு போகும்.

களப்பிரிவில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஷாஹினாதான் முதலில் அகரத்துக்கு வந்தவள். திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. கௌசல்யாவின் தோட்டத்து மூலையில் யானை முதுகு மாதிரி ஒரு பாறை கிடந்தது. அதில் ஒரு தூணை நட்டு, உச்சியில் செயற்கைக்கோளோடு பேசுகிற கருவியை வைக்க வேண்டும் என்று கேட்டாள்.

"வச்சு?"

"இந்த எடம் நகருதான்னு பாக்கணும்க்கா. நகம் வளர்ற அளவு நகந்தாக்கூடத் தெரியும்."

"நெலம் எப்படித் தாயி நகரும்?"

"நாடே வடக்காம போய்க்கிட்டிருக்குக்கா. நம்ம மலைக்கோட்டை, உங்க தோட்டம், எங்க வீடு எல்லாம் சேந்தேதான் போகுது. அதுக்குள்ள ஒண்ணவிட்டு ஒண்ணு விலகுதான்னுதான் பாக்குறோம்."

கௌசல்யா கொஞ்சம் யோசித்தாள். "பஸ்ஸுல போறாப்புல. பஸ் போறது இருக்கட்டும், உள்ள ஆரும் சீட்டு மாறி உக்காராகளான்னு பாக்கப் போறீக."

"அதேதான்க்கா" என்று சிரித்தாள் ஷாஹினா. அன்று மதியம் அவள் அங்கேதான் சாப்பிட்டாள். தூணுக்கு இடம் கிடைத்தது.

தூணின் திறப்பு விழாவுக்கு இயக்குநரே வந்தார். பாறைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாண்டியராஜ் மைக்கைப் பிடித்தார்:

"இந்தப் பாறை பல கோடி ஆண்டுகளாக இங்கே படுத்துக் கிடக்கிறது. ஏன்? என்றாவது ஒருநாள் தன்னைப் புரிந்துகொள்ள ஓர் இயக்குநர் வருவார் என்றுதான். நான் பணிவானவன். கண்டங்களை நான்தான் நகர்த்துகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவை நகரும்போது எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லையே?"

எல்லோரும் கை தட்டினார்கள். ராமரும் தட்டினான்.

இயக்குநருக்கு ஒரு கொள்கை இருந்தது. கொடைரோட்டில் தொடங்கி அகரம் வரை, நிலத்துக்கு அடியில் ஒரு பலவீனமான பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டையில் நிலம் இழுபட்டு அமிழ்ந்துகொண்டிருக்கிறது. 'அகரம் நெகிழ்வுப் பட்டை' என்று பெயர் வைத்து, அதைப் பற்றிப் பல நாடுகளில் பேசி, பல நாடுகளில் பொன்னாடை வாங்கியிருந்தார். தூண் நகர்ந்து காட்ட வேண்டியது மட்டுமே பாக்கி.

தூண் நகரவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது, கௌசல்யா இரண்டு வருஷம் செவ்வந்தி எடுத்தாள். தூண் நட்ட இடத்திலேயே நின்றது. 'தூண் ஏன் நகரவில்லை என்பதற்கு விளக்கம் அளிக்கவும்' என்று ஷாஹினாவுக்கு மெமோ வந்தது. 'அடியில் கெட்டிப் பாறை இருப்பதால்' என்று அவள் பதில் எழுதினாள். அதற்கு, 'பாறைக்குச் சாதகமாக எழுதும் போக்கைத் தவிர்க்கவும்' என்று அடுத்த மெமோ வந்தது.

அவள் அனுப்பிய முடிவு படியேறித்தான் மேலே போனது. லிப்ட் இயக்குநருக்கு மட்டும். கீழ்த்தளத்தில் 'நகரவில்லை' என்று இருந்தது. முதல் தளத்தில் 'அதிகம் நகரவில்லை' என்று ஆனது. இரண்டாம் தளத்தில் 'எதிர்பார்த்த அளவுக்கு இன்னும் நகரவில்லை' என்றார்கள். மூன்றாம் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 'எதிர்பார்த்தபடி நகர்ந்துவருகிறது' என்று இருந்தது.

இந்த நேரத்தில்தான் கொடைக்கானலில் ஓர் உலக மாநாடு ஏற்பாடானது. மாநாட்டுக்கு வரும் நிபுணர்கள், போகிற வழியில் அகரத்தில் இறங்கிப் பட்டையை நேரில் பார்ப்பதாகத் திட்டம். அவர்கள் பார்க்கும்போது அங்கே ஏதாவது அமிழ்ந்திருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அமிழ்வதற்குத் தோதாக இருந்தது கௌசல்யாவின் வீடு ஒன்றுதான்.

போர்வையைத் திருப்பி அனுப்பிய மறுநாள் கௌசல்யா ராமரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கல்லு ஆபீசுக்குப் போனாள்.

"பெரிய படிப்புப் படிச்சவுக சொல்றாக" என்று வழியெல்லாம் முனகினான் ராமர். "நமக்கென்ன தெரியும்? ஒருவேள இடிஞ்சிருந்தா?"

"ராத்திரி எங்க படுத்த?"

முதல் தளத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் காட்டினார்கள். அடியில் தேன் மாதிரி கெட்டியான பசை; அதுதான் பூமியின் ஆழத்தில் சூட்டில் இளகிய பாறையாம். அதற்கு மேல் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று அடுக்கடுக்காக மணல். அதுதான் நாம் நிற்கிற கற்கோளமாம். மணலின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் வீடு.

"இது ஆரு வீடு?"

"உங்களுதுதாங்க" என்றார் அங்கிருந்த உதவியாளர். மோட்டாரைப் போட்டார். தொட்டியின் ஒரு பக்கச் சுவர் மெல்ல விலகியது. மணலில் கோடு விழுந்தது, கோடு பள்ளமானது, பிளாஸ்டிக் வீடு சாய்ந்து தலைகுப்புற உள்ளே போனது. அந்த அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

ராமர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

கௌசல்யா குனிந்து பார்த்தாள். "ஏம்ப்பா, கோடு விழுகுற எடமாப் பாத்து வீட்ட வச்சா விழுகாம என்ன செய்யும்? செத்த அந்தப் பக்கமா வச்சு ஓட்டு பாப்போம்."

"வீட்டை இடம் மாத்தணும்னா மேல அனுமதி வாங்கணும்ங்க."

அந்த அனுமதியைக் கேட்டு அவள் மூன்றாம் தளத்துக்கே ஏறினாள். பாண்டியராஜ் மரியாதையாகவே உட்காரச் சொன்னார். ஷாஹினாவும் கூப்பிடப்பட்டு ஓரமாக நின்றாள்.

"சார், எங்க வீடு நிக்கிது."

"இன்னும் நிக்கிதுன்னு சொல்லுங்கம்மா."

"எப்பத்தான் விழும்?"

"கணினியில எழுபது லட்சம் வருஷத்த ஓட்டிப் பாத்தோம். முந்தாநாள் சாயங்காலம் ஓடி முடிஞ்சுது. வீடு இல்ல."

"அப்ப எழுபது லட்சம் வருசம் கழிச்சுல்ல?"

"பூமிக்கு எழுபது லட்சம் வருஷம். நிறுவனத்துக்கு முந்தாநாள்."

ஷாஹினா பொறுக்க முடியாமல் குறுக்கிட்டாள். "சார், மாடல்ல அகரத்துக்கு அடியில பாறை வெண்ணெய் மாதிரி இளகியிருக்குன்னு ஒரு எண் போட்டிருக்கோம். நான் தட்டிப் பாத்த பாறை அப்படி இல்ல. அந்த எண் எங்க இருந்து வந்துச்சு?"

"என் அனுபவத்தில் இருந்து."

"உங்க அனுபவம் இளகியிருக்கலாம் சார். பாறை கெட்டியா இருக்கு" என்றாள் கௌசல்யா. அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. புரிந்ததைத் திருப்பிச் சொன்னாள், அவ்வளவுதான்.

பாண்டியராஜுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மாணவருக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னார்: "அம்மா, பூமி ரொம்பப் பெரிசு. அதுல ஆயிரம் பிழை இருக்கும். எல்லாத்தையும் போய் யாரு திருத்துறது? மாடல் சின்னது. அதுல பிழை இருந்தா நாங்களே பாத்துக்குவோம். அதனால ரெண்டுக்கும் தகராறு வந்தா நாங்க மாடல் பக்கம்தான் நிப்போம். வியாழக்கிழமை நிபுணர்கள் வர்றாங்க. அதுக்குள்ள நீங்க வீட்டக் காலி பண்ணிட்டா, இடிபாடுகள எங்க செலவுலயே அகற்றிக் கொடுத்துருவோம்."

"இடிபாடா? எதச் சொல்றீக?"

"உங்க வீட்டைத்தாம்மா."

கௌசல்யா இறங்கிப் போன பிறகு, அவர் ஷாஹினாவை மட்டும் நிறுத்திவைத்தார். குரலைத் தாழ்த்தி, தூணின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கருவியை நகத்தளவு தள்ளிவைக்கச் சொன்னார்.

"பொய்யா எழுதச் சொல்றீங்களா சார்?"

"சேச்சே. நான் நேர்மையானவன். முதல்ல தூண நகர்த்து. அப்புறம் தூண் நகர்ந்துச்சுன்னு எழுது. இதுல பொய் எங்க இருக்கு?"

ஷாஹினா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா நஜ்முன்னிசா விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"நகத்தி வச்சா உனக்கு டாக்டர் பட்டம் தந்துருவாங்களா?"

"தந்துருவாங்கம்மா."

"நகத்தலைன்னா?"

"தரமாட்டாங்க. அஞ்சு வருஷ வேலையும் போச்சு."

நஜ்முன்னிசா தட்டில் சோற்றை வைத்தாள். "அப்ப நகர்றதுக்குத்தானே பட்டம்? அதத் தூணுக்கே குடுக்கச் சொல்லு. நீ சாப்பிடு."

ஷாஹினா சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு சாப்பிட்டாள். மறுநாள் காலை இயக்குநரிடம் போய், முடியாது என்றாள். அன்றே அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை விடிந்தபோது கௌசல்யாவின் வாசலில் ஒரு பலகை நின்றது: 'இங்கே ஒரு வீடு இருந்தது.' ராமர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தான்.

"என்ன செய்யிற?"

"போயிருவோம் கௌசி. போர்டே வச்சுட்டாக."

கௌசல்யா சாக்கை வாங்கித் தலைகீழாகக் கொட்டினாள். பாத்திரங்கள் உருண்டு அடுப்படி முழுக்கச் சத்தம் போட்டன. "போர்டு வச்சாப் போயிரணுமா? நாளைக்கு உன் கழுத்துல ஒண்ணத் தொங்கவிட்டு இவரு செத்துட்டாருன்னு எழுதுனா, சுடுகாட்டுக்குப் போயிருவியா? இது நானும் நீயும் கல்லு சொமந்து கட்டுன வீடு. நான் இதுலதான் சமைக்கப் போறேன். உனக்கு வேணும்னா வெளிய சாப்பிட்டுக்க."

ராமர் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தான்.

வெயில் ஏறும் நேரம் ஜேசிபி வந்தது. ஓட்டிவந்தவர் மீரான். இளஞ்செழியன் முன்னால் நடந்து வழி காட்டினார்.

"இடிபாடு எங்க சார்?" மீரான் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அதான் நிக்குதே."

மீரான் வீட்டைப் பார்த்தார். வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த கௌசல்யாவைப் பார்த்தார். பக்கத்தில் ராமர் வந்து உட்கார்ந்தான். அவன் கை இந்த முறை கும்பிடவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தது. பாறை மேல், தூணைப் பிடித்தபடி ஷாஹினா நின்றாள். அவளை யாரும் அழைக்கவில்லை. முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள்.

"ஆளு இருக்காங்களே சார்."

"நிறுவனக் கணக்குப்படி இல்ல."

"நான் கண்ணால பாத்துத்தான் சார் வண்டி ஓட்டுவேன்" என்று மீரான் சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினார்.

இன்ஜின் சத்தம் அடங்கியதும் நிபுணர்களின் பஸ்ஸும் வந்து நின்றது. பாண்டியராஜ் முதலில் இறங்கினார். ஜேசிபியையும் வீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். ஆனால் அவர் மைக் பழக்கமுள்ளவர். வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேச்சைத் தொடங்கினார்:

"நண்பர்களே, நீங்கள் இப்போது நிற்பது ஒரு பள்ளத்தில். உங்கள் காலுக்குத் தெரியாது. கால் என்பது துல்லியமான கருவி அல்ல. இதோ எனக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வீடு இருந்தது. அதைப் பறிகொடுத்த அந்தக் குடும்பத்துக்காக நாம் ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்."

எல்லோரும் தலை குனிந்தார்கள். மௌனத்தின் நடுவில் அந்த வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது.

ஆனந்தமேரி என்ற மூத்த நிலவியலாளர், மலைமலையாக ஏறி நரைத்தவர், முதலில் தலையை நிமிர்த்தினார். "டாக்டர், அது என்ன?"

"வீட்டின் எச்சம்."

"முழுசா இருக்கே?"

"முழுமையான எச்சம்."

ஆனந்தமேரி பாறையடிக்குப் போனார். "நீங்கதான் இதப் பாத்துக்கறீங்களா? என்ன சொல்லுது தூண்?"

ஷாஹினாவின் குரல் தெளிவாகத்தான் வந்தது. "நகரலைம்மா. ரெண்டு வருஷமா நகரலை. அது நல்ல முடிவுதான். பிடிக்கலைங்கறதுக்காக நான் மாத்த மாட்டேன். நேத்துவரைக்கும் நான் இந்த நிறுவனத்துல இருந்தேன்."

வெயில் மண்டையைப் பிளந்தது. கௌசல்யா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எதுக்கு இம்புட்டுப் பேரும் வெயில்ல காயிறீக? உள்ள வாங்க. மோர் இருக்கு. வீடு தாங்கும்."

ஆனந்தமேரி செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனார். பின்னாலேயே மற்ற நிபுணர்கள், பஸ் டிரைவர், மீரான். ஷாஹினாவும் தூணை விட்டு இறங்கி வந்தாள். இளஞ்செழியன் கொஞ்சம் தயங்கி, "ஆய்வு நோக்கத்தோட" என்று யாரிடமோ சொல்லிவிட்டு அவரும் குனிந்து நுழைந்தார். ராமர் ஒவ்வொருவருக்காக மோர் ஊற்றிக்கொண்டே, நிலைக்கல் எந்த ஊரிலிருந்து வந்தது, தளம் போட்ட அன்றைக்கு எப்படி மழை பிடித்துக்கொண்டது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். அவன் அவ்வளவு பேசிக் கௌசல்யாவே கேட்டதில்லை.

வெளியே நின்றது பாண்டியராஜ் மட்டும். இல்லாத வீட்டுக்குள் ஓர் இயக்குநர் எப்படி நுழைய முடியும்? கைக்குட்டையால் வழுக்கைத் தலையை மூடிக்கொண்டு நின்றார்.

கௌசல்யா ஒரு சொம்போடு வாசற்படிக்கு வந்தாள். "நீங்களும் வாங்க சார்."

"அது காலி இடம்மா" என்றார் அவர் ஈனக்குரலில்.

"இருக்கட்டும். காலி இடத்துல வந்து செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க. நெழலா இருக்கு."

அவர் வரவில்லை. உள்ளே எல்லோரும் மோர் குடித்து, வெஞ்சனத்தோடு சோறும் சாப்பிட்டு வெளியே வரும்வரை, அவர் தன் கொள்கையோடு வெயிலில் நின்றார்.

அதனால் அவருக்கு ஒரு கெடுதலும் வந்துவிடவில்லை. இன்னும் பெரிய குழு ஒன்றின் தலைவராகி டெல்லிக்குப் போனார். வழியனுப்பு விழாவில், "அகரம் இன்னும் பக்குவப்படவில்லை" என்று பேசினார். நெகிழ்வுப் பட்டையை மாடல் பிரிவு திருத்தி வரைந்தது; இப்போது அது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடுவில் போகிறது. அங்கே எந்நேரமும் கூட்டமாக இருப்பதால் இன்னும் யாரும் போய் அனுதாபம் தெரிவிக்கவில்லை.

ஷாஹினா வேறொரு பல்கலைக்கழகத்தில் முதலில் இருந்து பதிவு செய்தாள். சமவெளியின் அடியில் பாறை ஏன் இத்தனை உறுதியாக இருக்கிறது என்பதுதான் அவளுடைய தலைப்பு. பட்டம் இன்னும் வரவில்லை. தாமதமாகும் என்று அவளுக்குத் தெரியும்.

கௌசல்யா அந்த வருஷம் வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டத் தொடங்கினாள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக்கொண்டிருந்தபோது கல்லு ஆபீசிலிருந்து புதிதாகச் சேர்ந்த அதிகாரி ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். பழைய வரைபடம் ஒன்றை விரித்து, தோண்டிய குழியைச் சுட்டிக்காட்டினார்.

"இங்க கட்டக் கூடாதும்மா. சரியா இந்த வழியாத்தான் விரிசல் வரணும்."

கௌசல்யா மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

"வரட்டும். வந்தா வாசல்ல நின்னு கூப்புடச் சொல்லுங்க. நான் உள்ளதான் இருப்பேன்."